அம்மனைப் புரட்டிப் பார்த்தோம்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகச் சில வருஷங்கள் கழிந்துவிட்டன. தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே ஒரு வரி வராது. அம்மன் சமாசாரத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவரலாமா என்று மனசு பின்வாங்கும். எழுத்தும் எனக்குப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு வாழைத்தோட்டத்துக்கு வந்துவிட்டவன் நான். சொந்தக்காரர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வாசகம் எழுதிக் கொடுப்பதோடு என் புலமை நின்றுபோயிற்று.

இந்த வருஷம் அம்மனுக்குக் கொடைத் திருவிழா முடிந்து பந்தல் பிரிக்கிற அன்றைக்கு என் மதினிதான் சொன்னார்: "எழுதுங்க தம்பி. நான் இருக்கும்போதே எழுதினாத்தான் தப்பு இருந்தா நான் திருத்த முடியும். நான் போனப்புறம் எழுதினா என்னைப் பெரிய மகான் ஆக்கிருவீங்க."

அவர் உத்தரவு கொடுத்த பிறகு தயங்க என்ன இருக்கிறது? அம்மன் துணை. எழுதுகிறேன்.

மதினி என்பது காலமான என் அண்ணனின் மனைவி. எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் எல்லோரையும் ஆள்கிறவர் அவர். அவரை ஆள்கிறவள் எங்கள் அம்மன்.

அம்மன் இருப்பது எங்கள் வாழைத்தோட்டத்தின் ஓரத்தில், தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலின் கரையில், ஒரு மருதமரத்து நிழலில். கோபுரம் கிடையாது, கூரையும் கிடையாது. பெரிய பலாப்பழத்தைப் பாதிக்குமேல் மண்ணில் புதைத்து வைத்ததுபோல் ஒரு கல். அவ்வளவுதான். முகம் செதுக்கவில்லை. கொடைக்கு மட்டும் வெள்ளிக் கண்மலர் ஒட்டுவோம். யார் வைத்தது என்று என் தகப்பனாருக்கும் தெரியாது, அவருடைய தகப்பனாருக்கும் தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் மதினி போய் எண்ணெய் சாத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து விளக்கேற்றுவார். மழை என்றும் பாராமல், காய்ச்சல் என்றும் பாராமல் போவார்; அண்ணன் இறந்தபோதுகூட, துக்கம் கழிந்த மறு வாரமே போகத் தொடங்கிவிட்டார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்களுடையது சைவக் குடும்பம். மீன், கறி என்கிற மச்சம் எதுவும் வீட்டுக்குள் புழங்காது. முட்டை போட்ட கேக்கைக்கூட மதினி வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். அம்மனுக்கும் சைவப் படைப்புத்தான். பொங்கல், சுண்டல், பானகம். பக்கத்து ஊர் அம்மன்களுக்குக் கிடா வெட்டும்போது, "நம்மவ பச்சைத் தண்ணி மாதிரி" என்று மதினி பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஊருக்கு மேற்கே பரம்பு என்று நாங்கள் சொல்லும் சரளை மேடு ஒன்று உண்டு. அங்கே ஒரு கோடையில் பழங்காலத்தைத் தோண்டிப் பார்க்கிறவர்கள் வந்தார்கள். கயிறு கட்டி, சதுரம் சதுரமாகக் குழி எடுத்தார்கள். அவர்களில் ஒரு பெண், பாளையங்கோட்டைக்காரர், எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்று சொல்லும் கிறிஸ்தவக் குடும்பம், கல்லூரியில் வாத்தியாராக இருப்பவர். பழங்காலத்து அரைகல்லில் அந்தக் கால மனிதர்கள் என்னென்ன அரைத்தார்கள் என்று கண்டுபிடிப்பது அவருடைய படிப்பு. எங்கள் தெருப் பெண்கள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். அவர்கள் வைத்த பெயர் 'கல்லு டீச்சர்'. ஊருக்கே அது நிலைத்துவிட்டது.

பானை ஓடுகள் வந்தால் பெண்கள் வாளித் தண்ணீரில் கழுவி, பாயில் காயவைப்பார்கள். அப்படி ஒரு நாள் ஓடுகளுக்கு நடுவே ஒரு குழியிலிருந்து அம்மிபோல் ஒரு கல் வந்தது. ஓரம் உடைந்திருந்தாலும் நல்ல கல். அதைக் கழுவாமல் மண்ணோடு ஒரு தாளில் சுற்றி நிழலில் வைத்துவிட்டு டீச்சர் சாப்பிடப் போனார். அந்த நேரம் பார்த்து எங்கள் மதினி, வெயிலில் வேலை செய்கிற பெண்களுக்கு மோர் கொண்டுபோனார்.

அம்மியை எங்கள் பக்கத்தில் யாரும் காலால் தாண்டமாட்டார்கள். அரைத்தபின் கழுவாமல் போடமாட்டார்கள். கல்யாணத்தில் பெண்ணின் காலைப் பிடித்து அதன் மேல்தான் வைக்கிறோம். அது மண் அப்பிக் கிடப்பதைப் பார்க்க மதினிக்குப் பொறுக்கவில்லை. வாய்க்காலுக்கு எடுத்துப் போகச் சொல்லி, தேங்காய் நாரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, வேப்பமரத்தில் சாத்தி வைத்துவிட்டார்.

டீச்சர் திரும்பி வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியம்மா, இதைக் கழுவினது யாரு?"

"நாந்தான் தாயி. கும்பிட்டுட்டுத்தான் கழுவினேன். ஒரு லட்சுமி எப்படிப் புழுதியில கெடந்தா தெரியுமா!"

"ஐயோ பெரியம்மா."

"என்ன ஐயோ? சட்டி ஓட்டையெல்லாம் வாளி வாளியாக் கழுவுதீங்க. அம்மியைக் கழுவினா மட்டும் ஆகாதா? இது என்ன நியாயம்?"

டீச்சர் எழுந்து வந்து மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கும். அரைத்த மாவின் பொடி அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். மண் மூடிக் கிடந்தால் ஆயிரக்கணக்கான வருஷம் ஆனாலும் கொஞ்சம் தங்கும். அதைத்தான் அவர் தேடுகிறார்.

"இப்போ இதுல தேடினா, பெரியம்மா, ஒங்க மஞ்சளும் சீயக்காயுந்தான் கிடைக்கும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். டீச்சரும் சிரிக்கப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. மதினி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "ஒரு பிள்ளையோட படிப்பைத் தேச்சுக் கழுவி வாய்க்கால்ல விட்டுட்டேனே தம்பி" என்று இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மன் பூசைக்கு டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார், சமாதானம் செய்ய. அந்தப் பிள்ளை வந்தது. சுண்டல் வாங்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. சாப்பிட்டுக்கொண்டே அம்மனைப் பார்த்தது. பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. நான் மோட்டார் அறைப் பக்கம் போனபோது பின்னாலேயே வந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். கோவிக்கக்கூடாது."

"சொல்லும்மா."

"ஒங்க அம்மன் கவுந்திருக்காங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாய்க்கால் பக்கம் மண் ஆழமாக அரித்திருந்த இடத்தில், கல்லின் அடியோரத்தில் ஒரு விளிம்பு தெரிந்ததாம். அரைகல்லின் விளிம்பு. பரம்பில் கிடைத்ததைப்போல, ஆனால் உடையாத முழுக்கல். அரைக்கிற முகம் மண்ணுக்குள் இருக்க, முதுகு மேலே தெரிகிறதாம். அந்தக் காலத்தில் இடம் மாறிப் போகிறவர்கள், திரும்பி வந்தால் சுத்தமாக இருக்கட்டும் என்று அரைகல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவது பல ஊர்களில் தெரிந்த வழக்கமாம்.

"அப்போ நாங்க இத்தனை தலைமுறையாச் செஞ்ச அபிஷேகமெல்லாம்?"

"முதுகுக்குத்தான் அண்ணாச்சி. அடியில ஒங்க மஞ்சள் போயிருக்காது. அதனாலதான் கேக்கேன்." அம்மன் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "முடியாதுன்னா விட்டுருங்க. நான் கேட்டதாவே நினைக்காதீங்க."

மதினியிடம் இதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. கேட்டு முடித்ததும் அவர் முதலில் சொன்னது: "அப்போ இத்தனை வருஷமா அவ முதுகுலயா பொட்டு வச்சேன்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாளா பாருங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது.

"அம்மின்னா எனக்கு ஒண்ணுமில்லை தம்பி. அம்மியும் லட்சுமிதான். ஆனா அதுல என்ன அரைச்சாங்கன்னு அந்தப் பிள்ளை கண்டுபிடிச்சுருமே, அதுதான் பயமா இருக்கு. கருவாடுன்னு சொல்லிட்டாள்னா? மறு செவ்வாய்க்கிழமை நான் எந்த மனசோட போய் விளக்கேத்துவேன்?"

என் மனைவி, "அப்போ வேண்டாம்னு சொல்லிருவோம் அக்கா" என்றாள்.

"எப்படிளா சொல்ல? அவ கல்லை நான்லா கழுவினேன்."

இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில் அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சம்மதம். என் மனைவி கண்ணை மூடி எடுத்தாள். நந்தியாவட்டை. மதினி அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அவளே சரின்னுட்டா. இனி நான் யாரு?" என்றார்.

அம்மனைப் புரட்டுவது லேசான காரியமா? தோஷம் உண்டா என்று கேட்க எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வரும் குருக்களிடம் போனோம். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "கோயில்ல திருப்பணி நடந்தா என்ன பண்றோம்? ஸ்வாமியைக் கும்பத்துக்கு மாத்திட்டுத்தானே சந்நிதியில கை வைக்கறோம்? அதையே இங்கேயும் பண்ணிடலாம். அம்பாள் கும்பத்துல வந்துட்டாள்னா, திரும்பிப் போற வரைக்கும் கல்லு கல்லுதான். டீச்சர் புரட்டட்டும், பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கட்டும். வேலை முடிஞ்சதும் திரும்ப எழுந்தருளப் பண்ணிடலாம்."

மதினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். ஆராய்ச்சிக்காரர்களுக்கும் எங்களுக்கும் நடுவே இப்படி ஒரு வாசலை நம் பெரியவர்கள் எப்போதோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க ஆனந்தமாக இருந்தது.

நல்ல நாள் பார்த்தோம். முந்தின நாள் டீச்சர் வந்து தம் பக்கத்து ஆசாரங்களைச் சொன்னார். எங்கள் ஆசாரத்தைவிட அது கடுமை. கல்லுக்குப் பக்கத்தில் யாரும் எதுவும் தின்னக்கூடாது. மாவு தொட்ட கையோடு வரக்கூடாது. கையுறைகூடப் பொடி தடவாத கையுறைதான் போடுவாராம், அந்தப் பொடியிலேயே மாவுச்சத்து இருக்குமாம்.

"அப்புறம் பெரியம்மா, கோலம்..."

"பச்சரிசி மாவு இடிச்சு வச்சுட்டேன். பெரிசாப் போடப்போறேன்."

"அதுதான் வேண்டாம்னு..."

"கோலம் இல்லாம ஒரு நல்ல காரியமா? விளையாடுதியா?"

பேசிப் பேசி, பூவிதழால் போடலாம் என்று முடிவாயிற்று. டீச்சர் போகும்போது, இடித்து வைத்த மாவில் ஒரு சிட்டிகை, மஞ்சளில் ஒரு சிட்டிகை, சந்தனம், விளக்கெண்ணெய், நெய் எல்லாவற்றிலும் கொஞ்சம் குப்பிகளில் எடுத்துக்கொண்டார். "எது ஒங்களோடது, எது அவங்களோடதுன்னு பிரிக்கணும்லா" என்றார். அவங்க என்று அவர் சொன்னது அந்தக் காலத்தில் அரைத்தவர்களை. ஏதோ அடுத்த தெருவில் இருப்பவர்களைச் சொல்வதுபோல் இருந்தது.

மறுநாள் காலையில் குருக்கள் மந்திரம் சொல்லி, அம்மனைக் கும்பத்தில் இறக்கினார். மாவிலையும் தேங்காயும் வைத்த அந்தக் குடத்தை மதினி மடியில் வைத்து அணைத்தபடி, வீட்டுப் பூசை அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். டீச்சர் ஓரமாக நின்று கண்ணை மூடித் தம் வழக்கப்படி ஜெபம் செய்துகொண்டார். மதினி அதைக் கவனித்துவிட்டு என்னிடம், "அவ சாமியைக் கேட்டுட்டுத்தான் நம்ம சாமியைத் தொடுதா. நல்ல வளர்ப்பு" என்றார்.

பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கடப்பாரையும் கயிறும் கொண்டுவந்தார்கள்.

"பைய, பைய. ஏலே, அந்தப் பக்கம் தாங்கு."

"தாங்கிட்டுத்தான் வே இருக்கேன். ஒம்ம பக்கந்தான் சாயுது."

"பொஞ்சாதி வீட்டுச் சீர் பீரோவைத் தூக்கும்போது மட்டும் ஒனக்குப் பலம் வந்துச்சுல்லா. அந்த மாதிரி தூக்குலே!"

கல் அசைந்தது. மண் உதிர்ந்தது. சாக்கு விரிப்பின்மேல் பையப் புரண்டது.

ஈர மண் அப்பியிருந்தாலும் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் தெரிந்தது. உள்ளங்கையைக் குவித்ததுபோல், கரடு முரடு இல்லாமல், அவ்வளவு ஒழுங்கான பள்ளம். கல்லைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து வந்த பள்ளம்.

"எத்தனை பேரு வயித்துக்கு அரைச்சிருக்கணும், இப்படிக் குழிய" என்றார் மதினி. கை தானாகக் குவிந்துவிட்டது.

குருக்கள் மெதுவாக, "அம்மா, அம்பாள் இப்போ உங்காத்துப் பூசை அறையில, கும்பத்துல இருக்கா" என்றார்.

"தெரியும் சாமி. கை கேக்க மாட்டேங்கு."

மோட்டார் அறையையே ஆராய்ச்சிக் கூடம் ஆக்கியிருந்தார்கள். கல்லில் ஒட்டிய மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டி அதையும் எறியாமல் பையில் போட்டார் டீச்சர். பிறகு சுத்தமான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பள்ளத்தில் விட்டு, தூரிகையால் வருடி, உறிஞ்சி எடுத்துக் குப்பியில் அடைத்தார். கல்லின் முதுகில், ஓரத்தில், சுற்றியுள்ள மண்ணில் என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக எடுத்தார். பல் கட்டுகிறவர்கள் வாயில் வைத்து அளவெடுப்பார்களே, அதுபோன்ற ரப்பர் பசையைப் பள்ளத்தில் பூசி உரித்தெடுத்தார். கல்லின் தேய்மானம் முழுக்க அதில் பதிந்து வந்துவிட்டது. மடிக்கணினியோடு சேர்ந்த ஒரு பூதக்கண்ணாடியில் அதை வைத்ததும், திரையில் பாபநாசத்து மலையை மேலிருந்து பார்ப்பதுபோல் மேடும் பள்ளமும் தெரிந்தன. மேடுகளின் உச்சியெல்லாம் மொட்டையாக இருந்தன.

இதில் ஒன்றை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பூக்கட்டிப் பார்த்த நாள் முதல் எங்கள் தெருவில் ஒரே அரைப்பு மயம். இந்த மாதிரிக் கற்களை ஆற்றிலிருந்து எடுத்துவந்து, கல்லுக்கு ஒரு சாமானாக டீச்சர் அரைக்கச் சொல்லியிருந்தார். ஒரு கல்லில் கம்பு, ஒன்றில் உளுந்து, ஒன்றில் எள்ளு, ஒன்றில் கிழங்கு, ஒன்றில் கருவாடு. எந்தப் பொருள் எந்த மாதிரித் தேய்மானம் கொடுக்கிறது என்று தெரிந்தால்தானே பழைய கல்லின் தேய்மானத்தை ஒப்பிட முடியும்? மதினி கம்பை வாங்கிக்கொண்டார். "கருவாட்டுக் கல்லை எதிர்த்த வீட்டுல வை தாயி. அதுவும் காத்து இந்தப் பக்கம் அடிக்காத நேரமாப் பாத்து" என்றார். பெண்கள் அரைத்த அரைப்பில் தெருவே பாட்டும் சண்டையுமாக இருந்தது. மிக்ஸி வந்தபின் கைவிட்ட வேலையை ஆராய்ச்சிக்காகச் செய்கிறோம் என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டார்கள். எதிர்த்த வீட்டு அம்மாள் கருவாட்டுக் கல்லில் இருந்தபடி, "என்ன மதினி, ஒரு மூச்சு மோந்துட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டுச் சீண்டுவார்.

அந்தக் கற்களின் படங்களையும் டீச்சர் அன்றைக்குத் திரையில் காட்டினார். வெறுங் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். கண்ணாடியில் ஒவ்வொன்றும் வேறு. கம்புக் கல் மங்கலாக, சமமாக இருந்தது. எள்ளுக் கல்லும் கருவாட்டுக் கல்லும் எண்ணெய் தடவின தலைபோல் மினுங்கின. எங்கள் கல்லின் நடுப்பள்ளம் பெரும்பாலும் கம்புக் கல் மாதிரி இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு மினுக்கம்.

மதினி அதைப் பார்த்துவிட்டார்.

"இது?"

"இதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது பெரியம்மா. எள்ளாவும் இருக்கலாம். கைபட்டுக் கைபட்டும் மினுங்கும்."

மதினி திரையை விட்டு எழுந்துகொண்டார். மறுநாள் கல்லைத் திரும்ப வைக்கும்போது, எந்தப் பக்கம் மேலே என்று ஆட்கள் கேட்டார்கள். "இருந்த மாதிரியே வைங்க. முதுகுதான் எனக்குப் பழக்கம்" என்றார். கும்பத்து அம்மன் கல்லுக்குத் திரும்பினாள். அன்றைக்கே மதினி, போட முடியாமல் போன மாக்கோலத்தை வாய்க்கால் கரை முழுக்கப் போட்டுத் தீர்த்தார்.

சில மாதம் கழித்து டீச்சர் படங்களோடு வந்தார். கல்லிலிருந்து எடுத்த தண்ணீரில் அகப்பட்ட மாவுத் துகள்கள். ஒரு விதமான வெளிச்சத்தில் பார்த்தால் ஒவ்வொரு துகளிலும் சிலுவைபோல் ஒரு குறி தெரிந்தது.

மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏ பிள்ளே, ஒங்க சாமி எங்க அம்மனுக்குள்ளயும் வந்து உக்காந்திருக்காரே!"

டீச்சர் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்திவிட்டது. "மாவுச்சத்துன்னா அப்படித்தான் தெரியும் பெரியம்மா. ஒங்க கோலமாவுலயும் இதே சிலுவைதான்."

"இத்தனை நாளா வாசல்ல அதையா போட்டேன்! போகட்டும், அவரும் நல்லா இருக்கட்டும்."

துகளின் உருவத்தையும் பருமனையும் வைத்து, சாமை போன்ற சிறுதானியம், ஏதோ ஒரு பயறு, இன்னதென்று தெரியாத ஒரு கிழங்கு என்று டீச்சர் சொன்னார். முதுகில் கிடைத்ததெல்லாம் எங்கள் மஞ்சளும் அரிசியும். அடியில் அவை இல்லவே இல்லை.

"தானியமும் பயறும்!" மதினி கையைத் தட்டினார். "பொங்கலும் சுண்டலும் தம்பி! நாம வைக்கதைத்தான் அவளும் அரைச்சிருக்கா!" பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டார். "மச்சம் இல்லைல்லா?"

டீச்சர் பொய் சொல்லியிருக்கலாம். எளிது. அவர் சொல்லவில்லை.

"இந்தச் சோதனையில மாவு மட்டுந்தான் தெரியும் பெரியம்மா. கொழுப்பு தெரியாது. அதுக்கு வேற சோதனை. ஒரு குப்பி எடுத்து வச்சிருக்கேன். நீங்க சொன்னாத்தான் அனுப்புவேன். வேண்டாம்னா மாவோட என் படிப்பை எழுதி முடிச்சுக்கிடுவேன்."

"அதான் நல்லபடியா வந்துட்டுதே மதினி, இதோட விடுவோம்" என்றேன் நான். எனக்கு அந்த மினுக்கம் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

மதினி எழுந்து தோட்டத்துக்குப் போனார். வெகு நேரம் கழித்து வந்தார்.

"அனுப்பு."

"பெரியம்மா, நல்லா யோசிச்சு..."

"யோசிச்சுட்டேன். பாதி தெரிஞ்சு மீதி தெரியலைன்னா, அந்த மீதியில நானே உக்காந்து தினமும் கருவாடு அரைச்சுக்கிட்டுக் கெடப்பேன். அனுப்பிரு."

முடிவு வந்தது அடுத்த கொடைக்குப் பந்தல்கால் நாட்டிய வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். டீச்சர் நடைவாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. அந்த நிற்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மீனா?" என்றார் மதினி.

"மீன் கொழுப்பு மாதிரித்தான் இருக்கு பெரியம்மா. ஓரத்துல மட்டும். ஒங்க நெய்யோ எண்ணெயோ இறங்கியிருக்குமான்னு எல்லாம் பாத்தேன். அது இல்லை. ஆத்து மீனா இருக்கலாம்."

மதினி பூசைக்கூடையை எடுத்தார். எண்ணெய்க் கிண்ணம், மஞ்சள், குங்குமம், சுண்டல் தூக்குச்சட்டி. தோட்டத்தைப் பார்த்து நடந்தார். டீச்சரும் நானும் என் மனைவியும் பின்னால் போனோம். கூடவே நடக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அவர் எப்போதும்போல் கல்லைத் துடைத்தார். எண்ணெய் சாத்தினார். மஞ்சள் பூசினார். பொட்டு வைக்கும்போது கை ஒரு கணம் நின்றது. பிறகு வைத்தார். விளக்கு ஏறியது. வாழையிலைத் துண்டில் சுண்டலை வைத்துவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வீட்டில் என் மனைவியிடம் பேசுகிற குரலில் அம்மனிடம் பேசினார்:

"நீ அப்போ என்ன தின்னேன்னு நான் கேக்கலை. இங்கன ஆறு ஓடுது, ஆத்துல மீனு கெடந்திருக்கும். பசியோட வந்ததுக எது கொண்டு வந்துச்சோ அதை அரைச்சுக் குடுத்திருக்கே. சாமைன்னும் பாக்கலை, மீனுன்னும் பாக்கலை. நீ தாயாச்சே, நீ எப்படிப் பாப்பே? இப்போ என் கையில இருக்கே. நான் வைக்கதை நீ தின்னு."

சொல்லி முடித்தவர் திரும்பி எங்களைப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "என்ன மூணு பேரும் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கீங்க? தாயி, வா, சுண்டல் எடுத்துக்கோ."

டீச்சர் ஓடிவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அழுகையும் சிரிப்புமாக அந்தப் பிள்ளை சுண்டல் தின்றது. "நீ என்னத்துக்கு அழுதே? ஒனக்குத்தான் படிப்பு முடிஞ்சுட்டே" என்று மதினி அதட்டினார். வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் அன்றைக்கு எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது. தாயே, உன் கருணை.

அந்தக் கொடை முதல் எங்கள் அம்மனுக்கு அரிசிப் பொங்கலோடு சாமைப் பொங்கலும் உண்டு. மதினி போட்ட புது வழக்கம். "அவளுக்குப் பழகின ருசியில நம்ம வீட்டுக்கு ஆகுததை வைக்கோம்" என்பார். எதிர்த்த வீட்டு அம்மாள் விடுவாரா? "அப்போ இன்னொரு பழகின ருசி இருக்கே, அது எப்போ மதினி?" என்று கேட்டார். "அது ஒன் வீட்டுக்கு அவ விருந்தாட வரும்போது வை" என்று மதினி சொல்ல, பந்தலே சிரித்தது.

இப்போது, நான் ஏன் இதை முழுசாக எழுதினேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மன் கதை எங்களுக்கு முன்னால் ஊர் சுற்றப் போய்விட்டது. நாங்குநேரி போகும் பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் என்னை யாரென்று தெரியாமலே சொன்னார்: கல்லைப் புரட்டியதும் தோட்டமெல்லாம் மீன் நாற்றம் அடித்ததாம். சாத்தான்குளத்தில் ஒரு கல்யாண வீட்டில், கடப்பாரை பட்ட இடத்தில் ரத்தம் வந்தது என்றார்கள். சாமியே இல்லை என்று டீச்சர் நிரூபித்துவிட்டார், அந்தக் குடும்பம் விளக்கேற்றுவதை விட்டுவிட்டது என்று ஒரு கூட்டம். அந்த அம்மாள் ரகசியமாகக் கருவாடு படைக்கிறாள் என்று இன்னொரு கூட்டம்.

நாற்றமும் இல்லை, ரத்தமும் இல்லை. விளக்கு நிற்கவும் இல்லை, கருவாடு படைக்கவும் இல்லை. நடந்தது மேலே எழுதியிருக்கிற அளவுதான்.

ஆகவே படிக்கிற புண்ணியவான்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை வீட்டில் சொல்லுங்கள், கோயிலில் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்திலும் சொல்லுங்கள். சொல்லும்போது சாமையையும் சொல்லுங்கள், மீனையும் சொல்லுங்கள். அம்மன் பெருமைக்காக மீனை மறைக்க வேண்டாம், கேலிக்காகச் சாமையை விட வேண்டாம். கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் எப்படியோ எங்கள் மதினி காதுக்கு வந்துவிடுகிறது. அவர் விலாசம் விசாரித்து நேரே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தால் சரியாகச் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகமாட்டார். நல்ல காப்பியாகக் கொடுங்கள்.